விசாரணை, அப்பீல், ரிட்: அரசு அலுவலக உத்தரவை எதிர்ப்பவர்கள் வேலூர் வட்டாரத்தில் கேட்கும் கேள்விகள்

பட்டா மாற்றம், ஆக்கிரமிப்பு நோட்டீஸ், மகன் பெயருக்கு எழுதிய செட்டில்மென்ட்டை ரத்து செய்யக் கேட்கும் மனு, தோல் தொழிற்சாலைக்கு மூடல் உத்தரவு. இவற்றில் முதல் தீர்ப்பு கோர்ட்டில் வருவதில்லை. தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்), மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஏதோ ஒரு அலுவலக மேசையில்தான் வருகிறது. பழைய வடஆர்க்காட்டுப் பகுதியில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அந்த மேசைக்கு முன்னால் நிற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். கெடு ஓடிக்கொண்டிருக்கும் விவகாரம் என்றால் இதைப் படித்ததோடு நிறுத்தாமல் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ஆர்.டி.ஓ. விசாரணை வெறும் சம்பிரதாயம்தானே? கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

இந்த நினைப்பால் தோற்ற வழக்குகள்தான் அதிகம். பின்னால் ஹைகோர்ட் பார்க்கப்போவது அந்த அலுவலகத்தில் சேர்ந்த கோப்பைத்தான். நீங்கள் அங்கே கொடுக்காத பத்திரம், சொல்லாத ஆட்சேபணை, கேட்காத அவகாசம் ஆகியவற்றை மேலே போய்ப் புதிதாகச் சேர்ப்பது மிகக் கடினம். விசாரணை நாள்தான் உங்கள் வழக்கு உருவாகும் நாள்.

அதிகாரி நீதிபதி இல்லை என்பதால் அவர் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்பதும் தவறு. 1969-இல் கிரைபாக் வழக்கில், பதவிக்குப் போட்டியிட்டவரே தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. நிர்வாக முடிவானாலும் ஒருவரின் உரிமையைத் தொட்டால் இயற்கை நீதி பொருந்தும் என்பது அன்றிலிருந்து உறுதியாகிவிட்டது. நோட்டீஸ் தர வேண்டும், எதிராக உள்ள ஆவணங்களைக் காட்ட வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும், முடிவெடுப்பவர் பாரபட்சமில்லாதவராக இருக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும்.

நோட்டீஸ் வந்திருக்கிறது. முதலில் என்ன பார்க்கணும்?

ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, சர்வே எண், விசாரணை நாள். இந்த ஐந்தையும் பாருங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரைத் தேதிதான் உங்களுக்கு எப்போது கிடைத்தது என்பதற்குச் சாட்சி. கிராம நிர்வாக அலுவலர் நேரில் கொடுத்தால், கையெழுத்துக்குக் கீழே வாங்கிய தேதியை நீங்களே எழுதுங்கள்.

பிரிவு எண்ணில் கவனம் தேவை. நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இல் பிரிவு 7 நோட்டீஸ் என்றால் ‘ஏன் அகற்றக்கூடாது, காரணம் சொல்’ என்று பொருள். பிரிவு 6 என்றால் அகற்றும் கட்டத்துக்கே வந்துவிட்டது. 7-க்குப் பதில் கொடுக்காமல் இருந்துவிட்டு, 6 வந்த பிறகு ஓடி வருபவர்கள் ஏராளம். 7 வராமலே நேராக 6 வந்திருந்தால், அதுவே உங்கள் முதல் வாதம்.

நாள் போதவில்லை என்றால் போனில் சொல்லி விடாதீர்கள். எதிர்மனுதாரர் கொடுத்த மனுவும் ஆவணங்களும் எனக்குத் தரப்படவில்லை, நகல் தந்து இரண்டு வாரம் அவகாசம் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்குங்கள்.

விசாரணை நாளில் என்ன கொண்டு போகணும், என்ன பேசணும்?

பேசுவதைவிட எழுதிக் கொடுப்பதே முக்கியம். எழுத்து வடிவில் ஒரு பதிலுரை, மூன்று படிகள்: ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு, ஒன்று முத்திரையோடு உங்களுக்கு. பத்திகளுக்கு எண் போடுங்கள். ஆவணங்களுக்கும் எண் போட்டு, கடைசியில் ஒரு பட்டியல்: கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேட்டு நகல், புலப்படம், வாரிசுச் சான்று, தண்டத்தீர்வை ரசீது, மின் கட்டண அட்டை. அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

அலுவலகத்தில் உங்கள் வாக்குமூலத்தை எழுத்தர் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ‘நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது, தம்பி ஒரு மூலையில் மாட்டுக் கொட்டகை போட்டிருக்கிறார்’ என்று நீங்கள் சொன்னது, ‘நிலம் இருவர் அனுபவத்திலும் உள்ளது’ என்று சுருங்கிப் போகும். பத்து வருடம் கழித்து ஹைகோர்ட்டில் அந்த ஒரு வரியைத்தான் வாசிப்பார்கள். படித்துப் பார்க்காமல், கீழே இடம் விட்ட தாளில், கையெழுத்துப் போடாதீர்கள். தவறு இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால், ‘என் எழுத்துப்பூர்வ பதிலுரையே என் வாக்குமூலம்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

நேரடி ஆய்வு, நில அளவை நடக்கும் என்றால் அதற்கும் தனி நோட்டீஸ் கேளுங்கள். ஒருதரப்பு மட்டும் இருக்கும்போது சர்வேயர் வந்து எழுதிய அறிக்கையை எதிர்க்கலாம். ஆனால் உத்தரவு வரும் முன்பே அந்த ஆட்சேபணையை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

எங்களை விசாரித்த அதிகாரி மாறுதலாகிவிட்டார். புதிதாக வந்தவர் உத்தரவு போட்டிருக்கிறார். செல்லுமா?

அலுவலகங்களில் அன்றாடம் நடப்பது இது. சட்டம் இதை ஏற்கவில்லை. ஆந்திராவில் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டத்தில் ஆட்சேபணைகளைச் செயலாளர் கேட்டார், முடிவை முதல்வர் எடுத்தார். கேட்பவர் ஒருவர், தீர்ப்பவர் இன்னொருவர் என்றால் நேரில் கேட்பது வெற்றுச் சடங்கு என்று 1959-இல் குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் நீங்கள் சும்மா இருந்துவிட்டு, தோற்ற பிறகு இதைச் சொன்னால் வலு குறையும். மாறுதல் தெரிந்த அன்றே புதிய அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: முன்னவர் இந்தத் தேதியில் விசாரித்தார், உத்தரவு வரவில்லை, தாங்கள் எங்களைப் புதிதாகக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். முத்திரை வாங்குங்கள்.

உத்தரவு கையில் இருக்கிறது. அதில் எதைத் தேடுவது?

வருவாய்த் துறை உத்தரவு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். மேலே ‘செயல்முறைகள்’, ‘முன்னிலை’, பிறகு ‘பொருள்’, ‘பார்வை’, அதன் கீழே விவரம், கடைசியில் உத்தரவு. பலரும் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ‘பார்வை’யிலிருந்து தொடங்குங்கள். அதிகாரி எதையெல்லாம் பார்த்தார் என்பதற்கு அவரே போட்ட பட்டியல் அது. உங்கள் பதிலுரை அதில் வரிசை எண்ணோடு இருக்கிறதா? வட்டாட்சியரின் அறிக்கை என்று ஒன்று இருந்தால் அதன் நகல் உங்களுக்கு எப்போதாவது வந்ததா? முத்திரையோடு கொடுத்த பதிலுரை பார்வையில் இல்லை, உங்களுக்குக் காட்டாத அறிக்கை பார்வையில் இருக்கிறது என்றால், அப்பீலுக்கு இரண்டு உறுதியான காரணங்கள் கிடைத்துவிட்டன.

அடுத்து, விவரப் பத்திகளில் உங்கள் வாதத்துக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருதரப்பும் சொன்னதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ‘ஆவணங்களைப் பரிசீலித்ததில் மனு நிராகரிக்கப்படுகிறது’ என்று முடித்திருந்தால் அது காரணம் சொன்ன உத்தரவு ஆகாது.

காரணம் சொல்லாவிட்டால் என்ன? கோர்ட்டில் வந்து சொல்லிக்கொள்வார்களே?

முடியாது. உத்தரவில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் அதன் செல்லுபடி பார்க்கப்படும், பிறகு பிரமாணப் பத்திரம் போட்டுப் புதுக் காரணம் சேர்க்கக்கூடாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரில் வந்த தீர்ப்பு சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஈ)-யும் பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை என்கிறது.

கோப்பு முழுவதையும் பார்க்கவும் இதே சட்டம் உதவும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு, 30 நாளில் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். குறிப்புரைத் தாள்களுடன் சேர்த்துக் கோப்பின் நகல் என்று கேளுங்கள். கீழ்நிலை அலுவலர் என்ன எழுதினார், மேலே எங்கே மாறியது என்பது அதில்தான் தெரியும். ஆனால் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்து அப்பீல் கெடுவைத் தவறவிடாதீர்கள். இரண்டும் தனித்தனியாக ஓடட்டும்.

பட்டா விஷயத்தில் யாருக்கு அப்புறம் யார்?

தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983-இன்படி தாசில்தார் உத்தரவுக்கு மேல் பிரிவு 12-இல் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கு மேல் பிரிவு 13-இல் டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு. அணைக்கட்டுக்காரர் வேலூர் கோட்டத்துக்கும், பேரணாம்பட்டுக்காரர் குடியாத்தம் கோட்டத்துக்கும் போக வேண்டும். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போட்டுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமை யாருக்கு என்பதே சண்டை என்றால் தாசில்தார் அதைத் தீர்க்கக்கூடாது. வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தாலோ, வாரிசுரிமைப் பிரச்சினை எழுந்து எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டாலோ, பதிவை மாற்றாமல் சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது 1987 விதிகளின் விதி 4(4). அண்ணன் தம்பி தகராறில் ஒருவர் பெயரை நீக்கி இன்னொருவர் பெயரை ஏற்றிய உத்தரவுகள் பெரும்பாலும் இந்த விதியில்தான் உடைகின்றன.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறேன். அது அப்பீல்தானே?

இல்லை. சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தருவார்கள், அது சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்படும். பல சமயம், உத்தரவு போட்ட அதே தாசில்தாரிடமே திரும்பி வந்து ‘ஏற்கெனவே உத்தரவிடப்பட்டுவிட்டது’ என்ற பதிலோடு முடியும். அதற்குள் கெடு போய்விடும். ஜமாபந்தியில் (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயம்) கொடுக்கும் மனுவும் அப்படித்தான். அப்பீல் என்றால் சட்டப் பிரிவைத் தலைப்பில் குறிப்பிட்டு, எதிர்க்கும் உத்தரவின் ந.க. எண், தேதி, காரணங்கள், எதிர்மனுதாரர் பெயர் எல்லாம் போட்டு, உரிய அதிகாரியிடம் நேரடியாகத் தாக்கல் செய்வது. குறைதீர் நாளில் கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அதை நம்பி அப்பீலை விட்டுவிடக்கூடாது.

அப்பீல் போட்டால் கீழ் உத்தரவு நின்றுவிடுமா?

நிற்காது. தடை கேட்டுத் தனி மனு, அப்பீலோடு சேர்த்தே போடுங்கள். பட்டா மாறிய மறுநாளே பத்திரப் பதிவு நடந்துவிட்டால் பிறகு சிக்கல் இரட்டிப்பாகும்.

அதே தாசில்தாரிடமே மறுபரிசீலனை கேட்கலாமா?

எழுத்துப் பிழை, கணக்குப் பிழை என்றால் கேட்கலாம். முடிவையே மாற்றக் கேட்டால், சட்டம் அந்த அதிகாரத்தை வெளிப்படையாகத் தந்திருக்க வேண்டும். தராவிட்டால் அவர் போட்டதை அவரே மாற்ற முடியாது. மாற்றினாலும் எதிர்த்தரப்பு ஒரே வாதத்தில் அதை உடைத்துவிடும்.

தோல் தொழிற்சாலைக்கு மூடல் உத்தரவு. எங்கே போவது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு எங்கும் வரும் கேள்வி. கதவு எது என்பது உத்தரவின் பிரிவைப் பொறுத்தது. நீர் (மாசுத் தடுப்பு) சட்டம் 1974-இல் பிரிவு 25-இன்படி இசைவாணையை (வாரியத்தின் அனுமதியை) மறுத்தால் பிரிவு 28-இன் மேல்முறையீட்டு ஆணையத்துக்கு 30 நாளுக்குள். பிரிவு 33ஏ-இல் ‘மூடு, மின் இணைப்பைத் துண்டி’ என்று வந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு 30 நாளுக்குள். போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம், அதற்கு மேல் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. 91-ஆம் நாள் போனவருக்கு எவ்வளவு நல்ல வழக்கு இருந்தாலும் பயனில்லை.

மாதிரி எடுக்கும்போது ஆலைத் தரப்பு ஆள் இருந்து கையெழுத்திட்டாரா, மாதிரி இரண்டாகப் பிரிக்கப்பட்டதா, ஆய்வறிக்கை நகல் தரப்பட்டதா என்பவை ஆலைத் தரப்பு பார்க்க வேண்டியவை. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போனவர்களுக்கும் இதே தீர்ப்பாயக் கதவு திறந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இந்த மண்ணின் துயரத்திலிருந்து நாடு முழுவதற்கும் போன சட்டம் அது.

மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட்டை ஆர்.டி.ஓ. ரத்து செய்தார் / செய்ய மறுத்தார்.

மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியது, பார்த்துக்கொள்ளவில்லை என்று காட்ட வேண்டும். பத்திரத்தில் அந்த வரி இருந்தால் வேலை சுலபம். இல்லாதபோது என்ன என்பதில் உச்ச நீதிமன்றம் 2022-இல் கண்டிப்பாகவும் 2025-இல் தாராளமாகவும் பேசியிருக்கிறது. ஆகவே பத்திரம் எழுதிய சூழ்நிலையை, அதே நாளில் எழுதிய உறுதிமொழித் தாள் எதுவும் இருந்தால் அதையும், விசாரணையிலேயே பதிய வையுங்கள். பெற்றோர் தோற்றால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. பிரிவு 16-இன் வாசகம் அந்த உரிமையைப் பெற்றோருக்கும் மூத்த குடிமக்களுக்கும்தான் தருகிறது. தோற்ற பிள்ளைகள் பெரும்பாலும் ரிட் மனுவோடு, அதாவது அதிகாரியின் உத்தரவை நேரடியாக எதிர்க்கும் மனுவோடு, ஹைகோர்ட்டுக்குப் போகிறார்கள்.

ரிட் போட்டால் ஹைகோர்ட் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்குமா?

விசாரிக்காது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் நீதிமன்றம் கேட்பது: அதிகாரம் இருந்ததா, நடைமுறை சரியா, இயற்கை நீதி கடைப்பிடிக்கப்பட்டதா, பகுத்தறிவுள்ள யாரும் எடுக்க முடியாத முடிவா. முடிவு சரியா என்பதைவிட முடிவெடுத்த விதம் சரியா என்பதே பார்வை. 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. சாட்சி விசாரித்து யார் நிலம் என்று ரிட்டில் தீர்க்க மாட்டார்கள்.

சட்டத்திலேயே அப்பீல் வழி இருந்தால் அதை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாத உத்தரவு, அடிப்படை உரிமை, சட்டமே செல்லாது என்ற வாதம் ஆகிய சூழ்நிலைகளில் நேராக வரலாம் என்பது 1998-இன் வேர்ல்பூல் தீர்ப்பு. ரிட்டுக்குக் கெடு என்று சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. ஆனாலும் காரணமில்லாமல் தாமதித்தால் அதையே சொல்லித் தள்ளிவிடுவார்கள். நம் மூன்று மாவட்டங்களுக்கும் சென்னை அமர்வுதான்.

வென்றாலும் பெரும்பாலும் கிடைப்பது ரிமாண்ட்: உத்தரவு ரத்து, மறுபடி விசாரித்து முடிவெடு. எனவே வாதத்தின்போதே வக்கீலிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். மறுவிசாரணைக்குக் கெடு, அதுவரை இப்போதிருக்கும் நிலை தொடர உத்தரவு. இவை இல்லாத ரிமாண்ட் உங்களை அதே வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தும்.

‘12 வாரத்தில் பரிசீலிக்க வேண்டும்’ என்று ஹைகோர்ட் உத்தரவு வாங்கினோம். ஜெயித்துவிட்டோமா?

மனுவை எடுத்துப் பாருங்கள் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. அதிகாரி பரிசீலித்து நிராகரித்தாலும் கோர்ட் உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும். உத்தரவு நகலோடு உங்கள் பழைய மனுவையும் இணைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டியும் முடிவே வராவிட்டால் அவமதிப்பு மனு, ஓராண்டுக்குள். நிராகரித்தால் அந்தப் புதிய உத்தரவை எதிர்த்து மறுபடி அப்பீலோ ரிட்டோ.

சிவில் கோர்ட்டுக்கு எப்போது?

உண்மையான சண்டை உரிமை பற்றியது என்றால். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, பதிவேட்டில் பெயர் மாறியதால் சொத்து மாறாது. பட்டா சட்டத்தின் பிரிவு 14 வழக்குகளைத் தடுத்தாலும், உரிமை விளம்புகை (உரிமை யாருக்கு என்று கோர்ட் அறிவிப்பது) கேட்கும் வழக்கை அதே பிரிவே அனுமதிக்கிறது. அரசையும் சேர்ப்பதானால் இரண்டு மாதம் முன்பே சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80 நோட்டீஸ் வேண்டும். அவசரம் என்றால் கோர்ட் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் போடலாம்.

இந்த விசாரணை முறையையே மாற்ற வழியில்லையா? மற்ற ஊர்களில் எப்படி?

அமெரிக்காவில் கலிபோர்னியா 1945-இலேயே விசாரணை அதிகாரிகளைத் துறைகளின் பிடியிலிருந்து பிரித்துத் தனி அலுவலகத்தில் வைத்தது. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நிர்வாக நடைமுறைச் சட்டம் ஒன்றிய அளவில் 1946-இல் வந்தது. சட்டத்துக்குத் துறை சொல்லும் பொருளுக்கே கோர்ட் இணங்கிப் போகும் 1984-ஆம் ஆண்டு வழக்கத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் கைவிட்டது. பிளோரிடா 2018-இலேயே தன் மாநில அரசியலமைப்பைத் திருத்தி இதைச் செய்தது. இங்கிலாந்தில் 1957-இன் பிராங்க்ஸ் குழு வெளிப்படைத்தன்மை, நியாயம், நடுநிலை என்ற மூன்றையும் தீர்ப்பாயங்களுக்கு அளவுகோலாக வைத்தது.

இந்தியாவில் அப்படி ஒரே பொதுச் சட்டம் இல்லை. ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி விதி, தனி கெடு, தனிக் கதவு. தேர்தல், வெள்ளம், சட்டம் ஒழுங்கு, திருவிழாப் பாதுகாப்பு எல்லாம் பார்க்கும் ஆர்.டி.ஓ. மிச்ச நேரத்தில் அப்பீல் கேட்கிறார். அவர் மனம் கெட்டவர் என்பதால் தாமதம் வருவதில்லை, இந்த வேலைக்கென்று அவருக்கு நாளே ஒதுக்கப்படவில்லை. எங்கள் கருத்தில் முதலில் வர வேண்டியவை மூன்று. அப்பீல் கேட்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட அதிகாரி கோட்டத்துக்கு ஒருவர். விசாரணை முடிந்து குறித்த நாளுக்குள் உத்தரவு, தவறினால் புதிதாகக் கேட்பது. எல்லா உத்தரவும் ‘பார்வை’ ஆவணங்களோடு இணையத்தில். மூன்றாவதற்குப் பெரிய செலவே இல்லை, ஆனால் ஒப்புக்குக் காரணம் எழுதும் பழக்கத்தை அதுதான் வேகமாகக் குறைக்கும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

எங்கள் ஊர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய உத்தரவு வேலூரில் போட்டது. கோப்பு எங்கே?

2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய கோப்பு புதிய மாவட்டத்துக்கு வந்திருக்கலாம், வேலூர் பதிவறையிலேயே இருக்கலாம். இரண்டு அலுவலகத்துக்கும் அலையாமல், தகவல் உரிமை மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுங்கள். தகவல் தங்களிடம் இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது பிரிவு 6(3)-இன்படி அவர்கள் பொறுப்பு. மனுவில் பழைய வட்டத்தின் பெயர், பழைய ந.க. எண், ஆண்டு, அப்போதைய சர்வே எண், உட்பிரிவு ஆகியிருந்தால் புதிய எண், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், அந்த உத்தரவைக் குறிப்பிடும் பின்னாளைய பட்டா நகலில் பெரும்பாலும் இருக்கும்.